எக்கோ ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1’: இதயத்தின் நான்கு அறைகளும் என்னதான் செய்கின்றன?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 63 வயது, பல வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது: “இ.எஃப். 62%. கிரேடு 1 எல்.வி. டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன். நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ. டிரிவியல் டி.ஆர். ஐ.ஏ.எஸ்., ஐ.வி.எஸ். இன்டாக்ட். நோ க்ளாட், நோ பி.இ.” டாக்டர் “பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை விடாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகளுக்கு மனசு ஆறவில்லை. “டிஸ்ஃபங்ஷன் என்று எழுதியிருக்கிறதே? இதயம் 62 சதவீதம்தான் வேலை செய்கிறதா, மீதி 38 எங்கே போனது? நான்கு அறைகள் என்று பள்ளியில் படித்தேன், அவை உண்மையில் என்ன செய்கின்றன?” என்று கேட்கிறார்.

முதலில் அந்த 38-ஐ முடித்துவிடலாம். இ.எஃப். என்பது இதயத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடும் மார்க் இல்லை. இடது கீழறை நிரம்பி நிற்கும்போது அதில் ஏறத்தாழ 120 மி.லி. ரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியே போகும், 50 மி.லி. உள்ளேயே தங்கும். 120-க்கு 70 என்றால் 58 சதவீதம், அதுதான் இ.எஃப். மாரத்தான் ஓடுகிறவரை உட்காரவைத்து அளந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். 55-க்கு மேல் இருந்தால் நல்ல இ.எஃப்., ஆக 62-இல் குறை ஒன்றும் இல்லை. தங்கிவிடுகிற 50 மி.லி.யும் வீண் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது கீழறை இன்னும் இறுக்கிச் சுருங்கி அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

அந்த ரிப்போர்ட்டில் யோசிக்க வேண்டிய சொல் ‘டயஸ்டாலிக்’. இதயம் என்றதும் நம் எல்லாருக்கும் அது சுருங்கித் தள்ளுவதுதான் நினைவுக்கு வருகிறது. தளர்ந்து நிரம்புவதை, அதாவது டயஸ்டாலிக் பாதியை, யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஏதோ சும்மா இருக்கும் நேரம் மாதிரி. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள ‘டிஸ்ஃபங்ஷன்’ அந்த நிரம்பும் பாதியைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அதற்குப் போகும் முன் அறைகளின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

பாதை எளிது. உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜன் குறைந்து வரும் ரத்தம் இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வரும். அங்கிருந்து வலது கீழறை, அப்புறம் நுரையீரல். அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, பெரும்பாலானவர்களுக்கு நான்கு சிரைகள் வழியாக, இடது மேலறைக்குத் திரும்பும். பிறகு இடது கீழறை, பெருந்தமனி, மறுபடி உடம்பு. மேலறையை ஏட்ரியம் என்றும் கீழறையை வென்ட்ரிக்கிள் என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். எல்.வி. என்றால் இடது கீழறை, ஆர்.ஏ. என்றால் வலது மேலறை. மற்ற இரண்டும் இதே மாதிரி.

பாடப் புத்தகத்துப் படத்தில் நீலமும் சிவப்புமாக நான்கு கட்டம் போட்டிருப்பார்கள். அந்தப் படம் ஒரு தப்பான எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது, நெஞ்சுக்குள் வலது பாதி வலப்பக்கமும் இடது பாதி இடப்பக்கமும் சரிசமமாக உட்கார்ந்திருப்பது போல. நிஜத்தில் இதயம் திரும்பிப் படுத்திருக்கிறது. நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருப்பது வலது கீழறை. இடது மேலறை பின்னால் போய் உணவுக்குழாயை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இடது மேலறையை நன்றாகப் பார்க்க வேண்டியிருந்தால் வாய் வழியாக ஒரு குழாயை விழுங்கவைத்து எக்கோ எடுக்கிறார்கள்.

பாதையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இவை ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்த இரண்டு பம்புகள். வலது பம்ப் நுரையீரலுக்கு அனுப்புவதும் இடது பம்ப் உடம்புக்கு அனுப்புவதும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் ஓய்வில் இரண்டு பக்கமும் நிமிஷத்துக்கு 5 லிட்டர். வலது பக்கம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெறும் 1 மி.லி. அதிகமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 72 மி.லி., ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்கிவிடும். பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள மூளையிலிருந்து உத்தரவு எதுவும் வரத் தேவையில்லை. தசை நாரை எவ்வளவு இழுத்து நீட்டுகிறோமோ அவ்வளவு வலுவாக அது திரும்பச் சுருங்கும். ஒரு அறைக்குள் கொஞ்சம் அதிகமாக ரத்தம் வந்தால் சுவர் கூடுதலாக விரியும், அடுத்த துடிப்பில் அந்தக் கூடுதலையும் சேர்த்தே தள்ளிவிடும். பிராங்க், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்களின் பெயரால் இதைச் சொல்கிறோம். மாற்று இதயம் பொருத்தும்போது அதன் நரம்புகளை எல்லாம் வெட்டித்தான் வைக்கிறார்கள். அந்த இதயத்திலும் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

அனுப்பும் அளவு ஒன்றானாலும் அனுப்பத் தேவைப்படும் விசை ஒன்றல்ல. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக்குழாய்களும் இளகியவை. அதனால் வலது கீழறை 25 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் கொடுத்தாலே போதும். இடது கீழறை தலை உச்சியிலிருந்து கால் விரல் வரைக்கும் அனுப்ப வேண்டும், அதற்கு 120 தேவை. பி.பி. 120/80 என்கிறோமே, அதில் மேலே இருக்கும் எண் இடது கீழறை சுருங்குவதால் வருவதுதான். இதற்குத் தக்கபடி இடது கீழறையின் சுவர் கிட்டத்தட்ட 1 செ.மீ. கனம், வலது கீழறைக்கு அதில் பாதிகூட இல்லை. வடிவமும் வேறு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இடது கீழறை வட்டமாக இருக்கும், வலது கீழறை பிறை வடிவில் அதைக் கட்டிக்கொண்டு ஒட்டியிருக்கும்.

இடது கீழறையின் தசை நார்கள் நேராக ஓடவில்லை. உள் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தும் வெளி அடுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தும் சுற்றியிருக்கின்றன. ஆகவே அது சுருங்கும்போது நுனிப்பக்கம் ஒரு திசையிலும் அடிப்பக்கம் எதிர்த்திசையிலும் திரும்பும். ஈரத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிகிற மாதிரிதான். ஒவ்வொரு நாரும் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போலத்தான் குறுகுகிறது, ஆனால் அறையிலிருந்து பாதிக்கு மேல் ரத்தம் வெளியேறிவிடுகிறது. சுவர் தடிப்பதோடு இந்த முறுக்கும் அதற்கு ஒரு காரணம். முறுக்கு அவிழும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ‘நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்று ரிப்போர்ட்டில் இருப்பது இந்தச் சுவரைப் பற்றித்தான். மாரடைப்பு வந்த இடத்தில் சுவர் சரியாக அசையாது. உங்கள் அம்மாவுக்கு எல்லாப் பகுதியும் ஒழுங்காக அசைகிறது, அவ்வளவுதான்.

வால்வுகள் நான்கு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஒன்று, கீழறையிலிருந்து வெளியேறும் வழியில் ஒவ்வொன்று. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வுக்கு மட்டும் இரண்டு இதழ், மற்ற மூன்றுக்கும் மூன்று மூன்று. வால்வைத் திறக்கவும் மூடவும் தனியாக ஒரு தசை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. முன்னால் அழுத்தம் அதிகமானால் மூடும், பின்னால் அதிகமானால் திறக்கும். மிட்ரல் வால்வின் இதழ் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக நூல் போன்ற நாண்கள் இருக்கின்றன. அவற்றின் மறுமுனை கீழறைச் சுவரிலிருந்து எழும்பி நிற்கும் இரண்டு சிறு தசைத் தூண்களில் போய்ச் சேரும். இவை கதவைத் திறப்பதற்காக இல்லை. 120 அழுத்தம் கீழிருந்து மேலே மோதும்போது இதழ்கள் மேலறைக்குள் பிய்த்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பதற்காக. மாரடைப்பில் அந்தத் தூண்களில் ஒன்று அறுந்துபோனால் அன்றைக்கே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை அது.

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘லப்’ இந்த மேல்–கீழ் வால்வுகள் மூடும்போது வரும் ஓசை. ‘டப்’ வெளிவாசல் வால்வுகள் இரண்டும் மூடும் ஓசை. ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது அந்த ‘டப்’ லேசாக இரண்டாகப் பிரியும். மூச்சிழுக்கும்போது வலது பக்கத்துக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாக வருகிறது, அதைத் தள்ளி முடிக்க வலது கீழறைக்கு ஒரு கணம் கூடுதலாகிறது, அதன் வால்வு பிந்தி மூடுகிறது. மருத்துவ மாணவர்கள் இதைக் காதில் பிடிக்கும்வரை ரொம்பவே திண்டாடுவார்கள்.

‘டிரிவியல் டி.ஆர்.’ என்றால் வலது பக்க மூவிதழ் வால்வில் துளி ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்று அர்த்தம். ஆரோக்கியமான மனிதர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது இருக்கிறது. எக்கோ பார்ப்பவருக்கு அது உபகாரமும்கூட. அந்தக் கசிவு என்ன வேகத்தில் பீய்ச்சுகிறது என்று டாப்ளரில் (ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் முறை) அளந்து, வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் வலது கீழறைக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைத்துவிடும். வினாடிக்கு 2.5 மீட்டர் என்றால் 25 மி.மீ. ஊசி இல்லாமல், குழாய் இல்லாமல், நுரையீரல் தமனியின் அழுத்தத்தை வெளியிலிருந்தே ஊகிக்கலாம். 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கையின் சிரை வழியாக ஒரு குழாயைச் செருகி, அது வலது மேலறை வரை போய்விட்டதை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். இதயத்துக்குள் அளவெடுக்கும் வழி அப்படித்தான் பிறந்தது. 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது பல சமயங்களில் ஜெல் தடவிய ஒரு கருவியை விலாவுக்கு நடுவில் வைத்தாலே போதும் என்றாகிவிட்டது.

இனி நேரம். நிமிஷத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி. அதில் மேலறைகள் சுருங்குவது 0.1, கீழறைகள் சுருங்குவது 0.3, மீதி 0.4 வினாடி எல்லா அறையும் தளர்ந்திருக்கிறது. துடிப்பைத் தொடங்குவது வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு. 1906 கோடையில் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் உடற்கூறியல் அறிஞர் ஆர்தர் கீத்தின் வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் மண்ணைத் தோண்டி வாழும் மோல் என்ற சின்னப் பிராணியின் இதயத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மேலறையில் விசித்திரமான ஒரு திசு அவர் கண்ணில் பட்டது. 1907-இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள்.

அந்தக் கணுவில் எழும் மின்தூண்டல் இரண்டு மேலறைகளிலும் பரவும். கீழறைக்கு நேராகப் போக முடியாது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் பாயாத நார்த்தட்டு ஒன்று இருக்கிறது, வால்வுகள் நான்கும் பதிந்திருப்பதும் அதில்தான். அதைத் தாண்ட ஒரே ஒரு வழி, ஏ.வி. கணு. அங்கே தூண்டல் சுமார் 0.1 வினாடி தாமதிக்கும். இந்தத் தாமதம் இல்லை என்றால் மேலறையும் கீழறையும் ஒன்றாகச் சுருங்கும், மேலறை தள்ளுவதற்குள் வாசல் மூடிவிடும். தாமதம் முடிந்ததும் தூண்டல் பர்கின்ஜி நார்கள் வழியாக வேகமாக ஓடி நுனிக்குப் போகும். கீழறைகள் நுனிப்பக்கத்திலிருந்து சுருங்கி ரத்தத்தை மேலே உள்ள வாசலை நோக்கித் தள்ளும்.

சரி, இப்போது நிரம்புவதற்கு வருவோம்.

கீழறை சுருங்கி முடிந்ததும் அதன் அழுத்தம் 120-இலிருந்து சட்டென்று 10-க்கும் கீழே இறங்க வேண்டும். தசை தானாகச் சோர்ந்து தளர்வதில்லை. சுருங்குவதற்காகச் செல்லுக்குள் வெளியிட்ட கால்சியம் அத்தனையையும் திரும்பப் பம்ப் செய்து உறைக்குள் அடைத்தால்தான் நார்கள் பிடியை விடும். அதற்குச் சக்தி செலவாகிறது. சுருங்குவதுபோலவே தளர்வதும் ஒரு உழைப்பு. ரத்த ஓட்டம் குறையும்போது இதயத் தசையில் முதலில் கெடுவது பல நேரம் இந்தத் தளர்ச்சிதான், சுருக்கம் பிறகுதான் கெடும். முறுக்கு அவிழ்வதைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே உதவுகிறது. முறுக்கிய சுவர் விடுபட்டுத் திரும்பும் வேகத்தில் கீழறை மேலறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி இழுக்கிறது. இளம் வயதில் முக்கால் பங்கு இப்படித்தான் நிரம்புகிறது, மேலறை சுருங்குவதற்கு முன்னாலேயே. கடைசி நேரத்தில் மேலறை ஒரு உந்து உந்தி மீதியைத் தள்ளும்.

எக்கோ திரையில் இதை நேரடியாகப் பார்க்கலாம். மிட்ரல் வால்வின் இதழ் நுனியில் டாப்ளரை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முகடுகள் எழும். முதல் முகடு ‘இ’, உறிஞ்சி நிரம்புவது. அடுத்தது ‘ஏ’, மேலறையின் உந்தல். இருபது வயதுக்காரருக்கு ‘இ’ உயரமாகவும் ‘ஏ’ குட்டையாகவும் இருக்கும். வயது ஏற ஏற, பி.பி.யோ சர்க்கரையோ இருந்தால் இன்னும் சீக்கிரமாக, கீழறைச் சுவர் விறைக்கிறது, தளர்வது மெதுவாகிறது. ‘இ’ குட்டையாகும். வாங்கிக்கொள்ளாமல் விட்டதை மேலறை கூடுதலாக உந்தி ஈடுகட்டும், ‘ஏ’ உயரும். ‘ஏ’ ‘இ’யைத் தாண்டிய நிலைக்குத்தான் கிரேடு 1 என்று பெயர். அறுபது வயதைக் கடந்தவர்களின் ரிப்போர்ட்டை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ரொம்பப் பேருக்கு இந்த வரி இருக்கும். என்னைக் கேட்டால், அதை ‘டிஸ்ஃபங்ஷன்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை விளக்காமல் அனுப்புவதுதான் பிரச்சினை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விறைப்பு இன்னும் கூடினால் மேலறையில் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தமே வால்வு திறந்ததும் ரத்தத்தை வேகமாகத் தள்ளிவிடும், ‘இ’ மறுபடி உயரமாகிவிடும். படத்தைப் பார்த்தால் இளைஞரின் இதயம் போல இருக்கும், ஆனால் அது கிரேடு 2. ஆகவே இரண்டு முகடுகளை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்வதில்லை. சுவர் அசையும் வேகம், இடது மேலறையின் அளவு, முன்பு சொன்ன டி.ஆர். வேகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இ.எஃப். 60-க்கு மேல் இருந்தும் இதயச் செயலிழப்பு வரலாம் என்பது இப்படித்தான். வந்ததை நன்றாகத் தள்ளும், ஆனால் உள்ளே வாங்கிக்கொள்ள முடியாது. வாங்கிக்கொள்ளாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்கும்.

இதயத் துடிப்பு வேகமாகும்போது குறைவது பெரும்பாலும் இந்த நிரம்பும் நேரம்தான். நிமிஷத்துக்கு 180 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கே 0.33 வினாடிதான். சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, தளரும் நேரத்தைத்தான் அது தின்றுவிடும். இடது கீழறையின் சுவர் தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெறுவதும் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான். சுருங்கும்போது சுவருக்குள் ஓடும் குழாய்களை அதுவே நசுக்கிவிடுகிறதே.

நிரம்பும் வழியே அடைபட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ருமாட்டிக் மிட்ரல் வால்வைவிட நல்ல உதாரணம் இல்லை. சிறு வயதில் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல், பல வருஷம் கழித்து வால்வின் இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது என்று போகும். 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்க வேண்டிய வாசல் 1 சதுர செ.மீ. ஆகிவிடும். நம் அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்த பெண்ணுக்குக் கர்ப்பத்தில் ரத்த அளவு 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. கூடுதல் ரத்தம், குறைந்த நேரம், குறுகிய வாசல். ஐந்தாறு மாதத்தில் படுக்க முடியாமல் மூச்சுத் திணறி வருவார். பலூன் வைத்து வால்வை விரிக்கும் முறை 1980-களில் ஜப்பானியரான கான்ஜி இனோவே கண்டுபிடித்தது, இன்று கர்ப்பிணிகளுக்கும் செய்கிறார்கள். வால்வையே மாற்ற வேண்டியவர்களுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா என்ற செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எக்கோவின் பிறப்பிலும் இதே வால்வு இருக்கிறது. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும் உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்ததற்குக் காரணமே, அறுவை சிகிச்சைக்கு முன் மிட்ரல் வால்வின் நிலை தெரிய வேண்டும் என்பதுதான்.

மேலறைகளைச் சும்மா ரத்தம் வந்து நிற்கும் இடம் என்று நினைக்கக் கூடாது. அவற்றின் சுவர் அதிகம் இழுபட்டால் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும். 1981-இல் கனடாவில் டி போல்ட் என்பவர் கண்டுபிடித்தது இது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹார்மோனைக் கீழறை சுரக்கிறது. மூச்சு வாங்குவது இதயத்தாலா என்று பார்க்க என்டி-புரோபிஎன்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்களே, அது அளப்பது அந்த ஹார்மோனோடு சேர்ந்து வெளிவரும் துண்டைத்தான்.

மேலறை உந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சாட்சி. மேலறைத் தசை ஒழுங்கில்லாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும், ‘ஏ’ முகடு திரையிலிருந்தே காணாமல் போய்விடும். இளைஞருக்கு அது பெரிதாகத் தெரியாது. கீழறை விறைத்துப்போய் அந்த உந்தலை நம்பியிருப்பவருக்குத் திடீரென்று மூச்சு முட்டும். போதாததற்கு, இடது மேலறையில் காது மடல் போல ஒரு சின்னப் பை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ரத்தம் அசையாமல் நின்று உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ‘நோ க்ளாட்’ என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ஐ.ஏ.எஸ்., ஐ.வி.எஸ். இன்டாக்ட்’ என்றால் மேலறைகளுக்கு நடுவேயும் கீழறைகளுக்கு நடுவேயும் உள்ள சுவரில் ஓட்டை இல்லை. மேல் சுவரில் நம் எல்லாருக்குமே ஒரு காலத்தில் வழி இருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை, அதனால் வலது மேலறையிலிருந்து நேராக இடது மேலறைக்கு ரத்தம் போக ஒரு மடல் கதவு. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இடப்பக்க அழுத்தம் ஏறி அது சாத்திக்கொள்ளும். நாலில் ஒருவருக்கு அது முழுசாக ஒட்டாமலே இருந்துவிடும், பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கீழ்ச் சுவரின் கதை இன்னும் பெரியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும் ரத்தம் அதன் வழியே வலமிருந்து இடம் போவதாகவும் இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிவைத்தார். பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இபுன் அல்-நஃபீஸ் என்ற மருத்துவர், சுவர் கெட்டியானது, துளை கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போக முடியும் என்று எழுதிவிட்டார். ஐரோப்பாவின் காதில் அது விழவில்லை. 1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, ஒரு துடிப்பில் வெளியேறும் அளவைத் துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கி, அரை மணி நேரத்தில் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும்விட அதிகம் வருகிறதே, இது சுற்றி வந்தாலொழிய எங்கிருந்து வரும் என்று கேட்டார். மேலே நாம் போட்டது போன்ற கணக்குதான்.

கடைசி வரி, ‘நோ பி.இ.’. இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, அதற்குள் நீர் சேரவில்லை என்கிறது. சேர்ந்தால் முதலில் அடிபடுவது வலது அறைகள். அவற்றின் அழுத்தம் குறைவு, சுவர் மெலிது. சுற்றியிருக்கும் நீர் அவற்றை அமுக்கி நிரம்ப விடாது. இதயத் தசையில் எந்தக் கோளாறும் இல்லாமலே, நிரம்ப முடியாததால் மட்டும் பி.பி. இறங்கி உயிர் போகும் அளவுக்குப் போகலாம். ஊசி வைத்து நீரை எடுத்த சில நிமிஷத்தில் நாடி திரும்புவதை வார்டில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அவரை நேரில் பார்த்த டாக்டர் சொன்னதே சரியாகப் படுகிறது. கிரேடு 1 மட்டும் இருந்து இடது மேலறை பெரிதாகவில்லை என்றால், மாடி ஏறும்போது வாங்கும் மூச்சுக்கு வேறு காரணமும் தேட வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு, உடல் எடை, நுரையீரல். ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? கிரேடு 1 கிரேடு 2 ஆகுமா என்றால், பி.பி.யைக் கவனிக்காமல் விட்டால் ஆகலாம். மாத்திரை, உப்பைக் குறைப்பது, தினம் நடப்பது, இவைதான் கீழறைச் சுவர் மேலும் தடிக்காமல் பார்த்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்வது, இரண்டு காலும் வீங்குவது, நாடி தாறுமாறாக ஓடுவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் எல்.ஏ. என்று ஒரு அளவு போட்டிருப்பார்கள், பெண்களுக்கு 3.8 செ.மீ. வரை சரி. அடுத்த முறை எக்கோ எடுக்கும்போது இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய், அந்த எண் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள்.